குச்சிப்பூச்சியின் நெஞ்சு

எங்கள் பெரியப்பா ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். காரமடையைச் சுற்றிக் கறிவேப்பிலை போட்டிருந்தவர்கள், இலையில் புள்ளி விழுந்தால் முதலில் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இலையைத் திருப்பிப் பார்த்து, இன்ன பூச்சி, இன்ன மருந்து என்று சொல்லி அனுப்புவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத சமயங்களில், மருந்துக் கடைக்காரர் பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று முடிவாகும்.

அப்படிப்பட்டவரை, ஐந்திலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், ஒரு பூச்சி விஷயத்தில் நான் ஜெயித்தேன். நான் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. நானும் அத்தையும் சேர்ந்து ஜெயித்தோம்.

அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான்கு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். நான்கு நாள் முடிந்தும் போகவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. என் அறையில்தான் படுத்துக்கொண்டாள், காலையில் ஜடை பின்னிவிட்டாள், பள்ளிக்கூடத்துக் கணக்கைத் திருத்திக் கொடுத்தாள். பேச்சுதான் குறைந்துபோயிருந்தது. முன்பெல்லாம் அவள் வந்தால் வாசலிலேயே சத்தம் கேட்கும். இந்த முறை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

பூச்சியைக் கண்டுபிடித்தது அம்மா. கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது நாற்றுப் பண்ணை ஒன்றில் ரோஜாச் செடி வாங்கி வந்திருந்தாள். தொட்டியில் வைத்துச் சில வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் செடியில் காய்ந்த குச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கிள்ளியெறியப் போனாள். குச்சி காலை எடுத்துவைத்து அடுத்த கிளைக்கு நடந்து போனது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா வந்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அத்தையும் சமையலறையிலிருந்து வந்தாள்.

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெட்டுக்கிளிக் குஞ்சு என்றார். இப்போதே ஒழிக்காவிட்டால் கறிவேப்பிலைக்குப் பரவிவிடும், சாயங்காலம் எல்லாத் தொட்டிக்கும் மருந்தடித்துவிடலாம் என்றார். செடியில் முதல் மொட்டு வந்திருந்தது. அம்மா அந்த மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

எனக்குப் பழக்கம் உண்டு. "வெட்டுக்கிளி தாவுமில்லீங்க பெரியப்பா? இது நடக்குதே" என்றேன்.

"குஞ்சு இப்ப நடக்கத்தான் நடக்கும் கண்ணு. பெருசானாத் தாவும்" என்று என் தலையைத் தடவினார்.

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "அண்ணா, கொஞ்ச நாளைக்கு இதை அடைச்சு வெச்சுப் பாக்கலாமுங்க. தாவுச்சுன்னா நீங்க சொல்ற மருந்தை அடிச்சுப்போடலாம்."

பெரியப்பா பூச்சியை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். அவள் இங்கே வந்ததிலிருந்து அவராகக் கேட்காமல் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். சரி, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனார்.

மீன் செத்துப்போய்ச் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியை எடுத்துக் கழுவினோம். ரோஜாக் கிளையும் கொய்யாக் கிளையும் ஒடித்து ஒரு தண்ணீர் பாட்டிலில் சொருகி உள்ளே வைத்தோம். மேலே பழைய கொசுவலையைக் கட்டினோம். பூச்சியை உள்ளே விடும்போதுதான் அதற்கு ஐந்து கால் இருப்பதைப் பார்த்தேன். நடுவில் இடது பக்கம் ஒரு கால் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு முண்டு மட்டும் இருந்தது. நொண்டிப் பூச்சி, ரொம்ப நாள் தாங்காது என்றார் அப்பா.

அன்றிலிருந்து அது தாவுவதற்காகக் காத்திருந்தோம். அது தாவுகிற மாதிரித் தெரியவில்லை. பகலெல்லாம் முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் சேர்த்து நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அந்தக் கால்களின் அடியில் உட்புறம் ஒரு வளைவு உண்டு. தலை அதற்குள் கச்சிதமாக அடங்கிக்கொள்ளும். பார்த்தால் தலையும் காலும் தெரியாது, ஒரு குச்சி மட்டும் தெரியும். விரலால் தொட்டால் செத்ததுபோல் விழுந்து, கால்களை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு கிடக்கும். பெரியப்பா தினமும் காலையில் காப்பி டம்ளரோடு வந்து, தாவுச்சா என்பார். நான், இல்லீங்க என்பேன். சாவியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பேசாதே என்று கையைக் காட்டினாள். பூச்சி கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகுத் தோல் வெடித்து, உள்ளேயிருந்து இன்னொரு பூச்சி, பச்சையாக, ஈரமாக, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலாக, சட்டைக் கையிலிருந்து கையை உருவுவதுபோல் உருவிக்கொண்டது. கடைசியில் பழைய தோல் மட்டும் கிளையில் தொங்கியது. புதிய பூச்சியின் நடு இடது பக்கத்தில், ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், சுருண்ட நூல்போல ஒரு குட்டிக் கால் இருந்தது.

"காலு வந்துருச்சு கண்ணு" என்றாள் அத்தை. சமையலறையில் அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. அம்மா வந்து அதைத் துடைத்தாளே ஒழியத் திட்டவில்லை. பூச்சி தான் கழற்றிப்போட்ட தோலைத் தானே தின்று முடித்தது. மறுநாள் காலையில் பால்காரரிடம், அது என்ன பூச்சி என்றே தெரியாத அவரிடம், கால் முளைத்த கதையை அத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

கால் முளைத்த பிறகு எனக்கு அதன் பெயர் தெரிந்தே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. அப்பாவுக்குக் காரமடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் கண்ணு என்பார், பெரும்பாலும் பார்க்கவும் செய்வார். பூச்சியைப் படமெடுத்துப் போட்டால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பூச்சிக்காரர்கள் பார்த்துப் பெயர் சொல்லும் ஓர் இணையதளத்தை அவர்தான் யாரிடமோ கேட்டு வந்து தன் போனில் திறந்து கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. அத்தை பி.காம். படித்தவள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

கடல் கடந்த ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் பதில் போட்டார். வெட்டுக்கிளி அல்ல, குச்சிப்பூச்சி என்றார். பூச்சிகளை வகை பிரிக்கும்போது வெட்டுக்கிளிகள் ஒரு வரிசை, குச்சிப்பூச்சிகள் வேறொரு வரிசை, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது என்றார். நம்பாவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெஞ்சைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

பூச்சிக்கு நெஞ்சு எங்கே இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அதையும் கேட்டோம். அவர் பொறுமைசாலி. எந்தப் பூச்சிக்கும் தலை, நெஞ்சு, வயிறு என்று மூன்று பாகம், ஆறு காலும் நெஞ்சிலிருந்துதான் புறப்படும், ஆகவே கால்கள் எங்கே தொடங்குகின்றன என்று பார்த்தால் நெஞ்சு தெரிந்துவிடும் என்றார். நான் தோட்டத்தில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து ஊறுகாய் ஜாடியில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை ஸ்கேலை எடுத்து வந்தாள்.

அப்புறம் எல்லாம் தெளிவாகிவிட்டது. நெஞ்சே மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஜோடிக் கால். வெட்டுக்கிளிக்கு முதல் துண்டு பெரியது, குதிரைக்குச் சேணம் போட்டதுபோல் கழுத்தை மூடிக்கொண்டிருக்கும். மொத்த நெஞ்சும் குட்டை. அதனால் கால்கள் நெருக்கி நெருக்கி இருக்கின்றன. பின்னங்கால் தொடை மட்டும் தாவுவதற்காகப் பெருத்திருக்கிறது. எங்கள் பூச்சிக்கு எல்லாமே தலைகீழ். முதல் துண்டுதான் மிகச் சிறியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் யாரோ பிடித்து இழுத்துவிட்டதுபோல் நீண்டு கிடக்கின்றன. முதல் ஜோடிக் கால் தலைக்குப் பக்கத்தில், அடுத்த ஜோடி எங்கோ, அதற்கடுத்தது இன்னும் எங்கோ. நாங்கள் இத்தனை நாளும் கழுத்து என்று நினைத்திருந்தது கழுத்தே அல்ல. ஏறக்குறைய உடம்பில் பாதி அதற்கு நெஞ்சுதான். தொடையோ ஆறும் ஒன்றுபோல் மெலிந்தது. அது தாவாது. எத்தனை பெரிதானாலும் தாவாது.

பெரியப்பாவிடம் ஓடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு, "நெஞ்சு இத்தனை நீளம் ஆருக்காச்சும் இருக்குமா அம்மணி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். போனில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவார்கள் என்றார். ஆனால் ஒருநாள் மதியம் நான் எதற்கோ அறைக்குள் வந்தபோது, அவர் ஊறுகாய் ஜாடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொட்டியையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஜாடியை வைத்துவிட்டு, டார்ச் லைட் எங்கே என்று கேட்டார்.

பூச்சி இன்னும் இரண்டு முறை தோல் உரித்து, என் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்தது. குட்டிக் கால் மற்றக் கால்களை ஏறக்குறைய எட்டிவிட்டது. கடைசியாக உரித்தபோது முன்னங்கால்களின் அடியில், உட்புறத்தில், குங்குமம் தொட்டு வைத்ததுபோல் சிவப்பு வந்தது. இறக்கை வரவில்லை. அதையும் படமெடுத்து அனுப்பினோம். பூச்சிக்காரர் உற்சாகமாகிவிட்டார். இன்ன குடும்பம், பெரும்பாலும் இன்ன பேரினம் என்று எழுதினார். சிற்றினத்தை மட்டும் உறுதியாகச் சொல்ல முட்டையைப் பார்க்கவேண்டும், இந்தக் கூட்டத்தில் பூச்சியைவிட முட்டைதான் அடையாளத்தைச் சரியாகக் காட்டும், முட்டையிட்டால் படம் போடுங்கள் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒற்றைப் பூச்சி எப்படி முட்டையிடும்? ரோஜாச் செடி, கொய்யா மரம், வேலியோரம் என்று ஓர் இலை விடாமல் தேடினேன். இன்னொன்று கிடைக்கவில்லை. அதற்கு எங்கேடி போய் மாப்பிள்ளை தேடுவாய் என்று அம்மா சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு அத்தை இருந்த பக்கம் பார்த்தாள். அத்தை துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்த நாட்களில் பெருந்துறையிலிருந்து போன் வரும். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசுவார். ஆனி மாதம் நேரில் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மாமா வருவார், ஐஸ்கிரீம் வாங்கித் தருவார் என்பதுதான் அதில் எனக்குப் புரிந்தது.

மாசி முடிவதற்குள் அது நடந்தது. தொட்டியைச் சுத்தம் செய்த அம்மா, யார் இதற்குள் கொத்தமல்லி விதையைக் கொட்டியது என்று கேட்டாள். அத்தை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விதை அல்ல. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சாடிபோல இருந்தது. பழுப்பு நிறம், மேலே வட்டமாக ஒரு மூடி, மூடியின் உச்சியில் வெளிர் மஞ்சளாக ஒரு குமிழ். பக்கவாட்டில் தழும்புபோல் ஒரு கோடு. தழும்பு தெரிகிற மாதிரி, மூடி தெரிகிற மாதிரி, திருப்பித் திருப்பிப் படமெடுத்து அனுப்பினோம்.

பதில் வந்தது. சிற்றினம் உறுதியாகிவிட்டது. இது உங்கள் தெற்கத்தி மலைகளில் பிறந்த பூச்சி, இதன் வழிவந்தவற்றை உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் வளர்க்கிறார்கள், நானே வளர்க்கிறேன், ஆனால் அதன் சொந்த மலைச் செடியிலேயே அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில், முட்டைகளை எறிந்துவிடாதீர்கள், பொரியும் என்றும் எழுதியிருந்தார். இந்தச் சிற்றினத்தில் ஆண் என்பது மிக மிக அபூர்வம். பெண் தனியாகவே முட்டையிடும். பொரிந்து வருவதும் பெண்ணாகவே இருக்கும்.

அத்தை எனக்கு அதைத் தமிழில் சொன்னாள். பிறகு தனக்குள் மறுபடியும் ஒருமுறை படித்தாள். திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன அத்தை என்று கேட்டால், ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல என்றாள்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. "சேவல் இல்லாமக் கோழி போடற முட்டை பொரிச்சு ஆராச்சும் பாத்துருக்கீங்களா?" என்று கேட்டார். எங்களில் யாரும் பார்த்ததில்லைதான். பொரித்துவிட்டால் இது வெட்டுக்கிளி இல்லை என்று எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்லவேண்டும் என்றேன். பொரிக்காது என்ற தைரியத்தில் தாராளமாக ஒப்புக்கொண்டார். முட்டைகளை அப்பாவின் பழைய டிபன் டப்பாவில் ஈர மணல் பரப்பி அதன்மேல் வைத்தோம். பங்குனி போயிற்று, சித்திரை வெயில் போயிற்று. நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். முட்டை முட்டையாகவே கிடந்தது. அத்தை தினமும் மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெருந்துறை உறவுக்காரர்கள் ஒறம்பரையாக வந்துவிட்டார்கள். மாமா, மாமாவின் அப்பா, அம்மா மூவரும் காரில் வந்தார்கள். என் அம்மா பாயசம் வைத்திருந்தாள். கூடத்தில் பெரியப்பா நடுவில் உட்கார்ந்தார். அப்பா கதவோரம் நின்றார். மாமா தன் செருப்பைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஐஸ்கிரீம் பற்றிக் கேட்க இது நேரமில்லை என்று எனக்கே தெரிந்தது. என்னை உள்ளறைக்குப் போகச் சொன்னார்கள். அத்தையும் அங்கேதான் இருந்தாள். பேச்சு அவளைப் பற்றி, ஆனால் அவளைக் கூப்பிடவில்லை. அவள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மாமாவின் அப்பா பேசுவது நன்றாகக் கேட்டது. கத்தவில்லை. மரியாதையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். எத்தனை வருடம் பொறுத்தாயிற்று, கோவில் குளம், டாக்டர், எல்லாம் பார்த்தாயிற்று, வம்சம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். மகனுக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கப் போகிறோம், உங்கள் தங்கை சம்மதித்து அங்கேயே வந்து ஒரு பக்கமாக இருந்துகொள்ளட்டும், நாங்கள் சோற்றுக்கு அலைய விட்டுவிட மாட்டோம் என்றார். கல்யாணம் என்றால் புதுப் பாவாடை உண்டா என்று நான் அத்தையிடம் கேட்கத் திரும்பினேன்.

அத்தை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணல்மேல் ஒரு சாடியின் மூடி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து மயிரிழைபோல் ஒன்று வெளியே வந்து, வளைந்து, நிமிர்ந்து, முன்னங்கால்களை நீட்டியது. அதன் நீளத்துக்கு அது அந்த முட்டைக்குள் எப்படி இருந்தது என்றே தெரியவில்லை. ஒரு பின்னங்கால் மட்டும் ஓட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்க, ஓட்டையும் இழுத்துக்கொண்டு மணலில் நடந்தது. பக்கத்தில் இன்னொரு மூடி அசைந்தது.

நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். அம்மா கையைப் பிடிக்கப் பார்த்தாள், பிடிபடவில்லை.

"பெரியப்பா, பொரிச்சுருச்சுங்க."

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டப்பாவை வாங்கி, வெகு நேரம் பார்த்தார். குஞ்சு அவர் கட்டைவிரலில் ஏறி, வெள்ளைச் சட்டைக் கையில் நடந்தது. ஓடு இன்னும் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, என்னமோ வெட்டுக்கிளிக் குஞ்சு, தட்டி விடுங்க, அப்புறம் பேச்சுக்கு வரலாம் என்றார்.

"வெட்டுக்கிளி இல்லீங்க" என்றார் பெரியப்பா. "வெட்டுக்கிளி வேற வரிசை, இது வேற வரிசை. நெஞ்சைப் பாருங்க எத்தனை நீளம்னு. வெட்டுக்கிளிக்கு இப்படி இருக்காதுங்க."

நான் சொன்னது ஒரு வார்த்தை குறையாமல் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பெருமையில் மற்ற விஷயத்தையும் எல்லோருக்கும் விளக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. தாய்ப் பூச்சி தொட்டியில் இருக்கிறது, ஒரே ஒரு பூச்சிதான், அது தனியாகவே முட்டை போட்டது என்றேன். மாமாவின் அம்மா, அதெப்படி, ஆண் பூச்சி எங்கே கண்ணு என்று கேட்டார். கேட்டவர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

"ஆணே இல்லீங்க. இதுக்கு ஆணே வேண்டியதில்லையாமாங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

மாமா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, மறுபடியும் குனிந்துகொண்டார். உள்ளறை வாசலில் அத்தை வந்து நின்றிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள். "ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு டாக்டரு சொல்லி வருசக் கணக்காச்சுங்க. நான் எடுத்துட்டேன். எனக்கு ஒரு கொறையுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அவிங்க இன்னும் எடுக்கலீங்க. கூப்புட்டாலும் வரலீங்க."

பெரியப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மறுக்கவில்லை. அப்படியெல்லாம் ஆம்பளையைக் கூட்டிப்போய்ச் சோதிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்றார் மாமாவின் அப்பா. பெரியப்பா அவரை விட்டுவிட்டு அத்தையிடம் திரும்பினார்.

"இத்தனை நாளா இதை ஏம்மா எங்ககிட்டச் சொல்லலே?"

"நீங்க கேக்கலீங்களே அண்ணா."

பெரியப்பா தன் சட்டைக் கையில் இருந்த குஞ்சைப் பார்த்தார். அதை மெதுவாக விரலில் ஏற்றி டப்பாவுக்குள் விட்டார். பிறகு எழுந்து கைகூப்பினார். "என்ற தங்கச்சி இங்கயே இருக்கட்டுமுங்க. மாப்பிள்ளை டாக்டர்கிட்டப் போயிட்டு வரட்டும். அதுக்கப்பறமும் எம்பட தங்கச்சிக்கு வர விருப்பம் இருந்தா அவளே சொல்லுவா. இன்னொரு கல்யாணத்துப் பேச்சை இந்த ஊட்டுல பேசாதீங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். கார் வளைவில் திரும்பும்வரை பெரியப்பா வாசலில் நின்றார்.

அம்மா பாயசத்தை எங்களுக்கு ஊற்றினாள். அத்தை இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் நிறையக் குஞ்சுகள் வந்துவிட்டன. இலைப் புள்ளியைக் காட்ட வந்த ஒரு விவசாயியைப் பெரியப்பா உள்ளே கூட்டிவந்து, வரிசை, குடும்பம், பேரினம் என்று விரல் விட்டு விளக்கி, நெஞ்சு எங்கே இருக்கிறது சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டார். அவர் கழுத்தைக் காட்டினார். பெரியப்பா பரிதாபத்தோடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு இதைவிடப் பெரிய வெற்றி அதுவரை கிடைத்ததில்லை, அதன்பிறகும் அதிகம் கிடைக்கவில்லை. இன்று சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு, பதவி உயர்வு வந்தபோதுகூட அந்த அளவு குதிக்கத் தோன்றவில்லை.

மாமா டாக்டரிடம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அத்தை மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கூட்டர் வாங்கினாள். சத்தமாகச் சிரிக்கிற பழைய அத்தையாகத் திரும்பி, கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முடிந்த வருடம் எங்களையெல்லாம் தன் செலவில் ஊட்டிக்குக் கூட்டிப்போனாள். பக்கத்துத் தெருவில் தனியாக வீடு எடுத்தபோது கண்ணாடித் தொட்டியையும் தன்னோடு கொண்டுபோனாள்.

அவள் ஏன் பெருந்துறைக்குத் திரும்பிப் போகவில்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி கேட்டபோது, எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்களிடம் அத்தனை குஞ்சுகள் இருக்கின்றன, தினமும் இலை மாற்றித் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டாமா, அதற்காகத்தான் அத்தை இங்கேயே தங்கிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். வெகு காலம் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.